மூன்று விரல் இருட்டு

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் இருமல் நின்றுவிட்டதா? மலைமேல் குளிர் எலும்பைத் துளைக்கிறது என்று எழுதியிருந்தாய். காதை மூடிக்கொண்டு தூங்கு. அணைக்கட்டில் ஒரு செல்போன் கோபுரம் வைக்க வக்கில்லாத கம்பெனி உனக்குக் கம்பளியா கொடுக்கப்போகிறது?

ஓர் உதவி வேண்டும். நம் போர்டுக் கடைக் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுகிறது. சுவிட்சைப் போட்டால் விசிறி சுற்றுகிறது, பச்சை விளக்கு எரிகிறது, ஒரு படம் வருகிறது, அப்புறம் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. ஸ்டிக்கர் வெட்டும் மெஷின் சும்மா கிடக்கிறது. அது இந்தப் பழைய பெட்டியோடு மட்டும்தான் ஒத்துப்போகும் என்பது உனக்கே தெரியும். புதிதாக ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டால் சரியாகும் என்றார்கள். ஒரு பென்டிரைவில் ஏற்றி வாங்கி வந்து சொருகினால், திரை மொத்தமும் இருண்டுவிடுகிறது.

நானே போட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். சிரிக்காதே. தையல் மெஷினைக் கழற்றி மாட்டியவள் நான். உன் அண்ணனுக்கு இது எதுவும் தெரியாது, உனக்கு எழுதுவதும் தெரியாது. அவர் முன்பக்க மேஜையில் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்திருக்கிறார். போர்டுகளுக்காக அவர் வரைந்த எழுத்தெல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. எத்தனை வருஷத்துப் பாடு என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அது போய்விட்டால் மனுஷர் ஒடிந்துபோவார்.

நீங்கள் இருவரும் பேசி மூன்று வருஷம் ஆகிறது. அதைப் பற்றி நான் கேட்கவில்லை. பெட்டியைப் பற்றி மட்டும் பதில் எழுது.

உன் அண்ணி

ஜனவரி 24

அன்புள்ள அண்ணி,

நான் நன்றாக இருக்கிறேன். இருமல் போய்விட்டது, இப்போது பல்வலி. ஒன்று போனால் ஒன்று. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது?

சரக்கு லாரி வாரம் ஒரு தடவைதான் வருகிறது. உருளைக்கிழங்கு மூட்டைக்கும் சோப்புப் பெட்டிக்கும் நடுவில் உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் எனக்குப் பாதி வலி போய்விட்டது.

திரை இருள்வது பெரிய வியாதி இல்லை. அந்தப் பெட்டியில் படம் காட்டும் கார்டு மிகவும் பழையது. புதிய சிஸ்டம் அதைப் பார்த்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் விழிக்கிறது. உள்ளே வேலை நடக்கும், வெளியே தெரியாது. அதை ஏமாற்ற ஒரு வழி இருக்கிறது. அதற்கு முன்னால் இரண்டு விஷயம் தெரிய வேண்டும்.

ஒன்று, திரை எந்தக் கட்டத்தில் இருள்கிறது? எழுத்துகளாக ஒரு மெனு வருகிறதா, அதற்கு முன்னாலேயே போய்விடுகிறதா?

இரண்டாவது முக்கியமானது. நான் இங்கே வந்த பிறகு யாராவது பெட்டியைத் திறந்தார்களா? உள்ளே இரண்டு டிஸ்க் இருக்கிறது. ஒன்றில் பழைய சிஸ்டம் மட்டும். இன்னொன்றில் அண்ணனின் எழுத்துகள். எழுத்து இருக்கும் டிஸ்கின் கேபிள் முனை ஒடிகிற நிலையில் இருந்தது. அதனால் கழற்றி வைக்கச் சொல்லப் பயமாக இருக்கிறது. நான் மாட்டியது மாட்டியபடி இருந்தால் ஒரு பயமும் இல்லை.

அண்ணி, எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. பல் டாக்டர் போர்டு கேட்டு வந்த அன்று, "அண்ணன் எழுத்து தூரத்துல இருந்து படிக்க முடியல" என்று நான் சொன்னது தப்பில்லை. அந்த டாக்டர் முன்னாலேயே சொன்னதுதான் தப்பு. அதற்கு அண்ணன், "பிடிக்காதவன் போகலாம்" என்றார். போனேன். அவ்வளவுதான்.

இங்கே எல்லோரும் என்னை ஃபியூஸ் என்றுதான் கூப்பிடுகிறார்கள். எல்லாம் என் டூல்ஸ் பெட்டி மூடியால் வந்த வினை. வெட்டும் மெஷின் வந்த அன்றைக்கு முதன்முதலாக அண்ணன் ஸ்டிக்கரில் வெட்டி அதன்மேல் ஒட்டிய பெயர், இன்னும் ஓரம்கூடப் பெயரவில்லை. மின்சாரப் பிரிவுக்காரனுக்கு இப்படி ஒரு பெயர் என்று மேலதிகாரி தலையில் அடித்துக்கொள்கிறார். சின்ன வயதில் வீட்டை அடிக்கடி இருட்டாக்கியதற்குக் கிடைத்த பட்டம் என்று சொன்னேன். இனி என்னைத் தனியாக வேலைக்கு அனுப்ப மாட்டார் போலிருக்கிறது.

அன்புடன்,
ஃபியூஸ்

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

முழங்கால் அதன் பாட்டுக்கு இருக்கிறது. நீ பல்லைக் கவனி. கிராம்பை வாயில் அடக்கிக்கொண்டு நாளைக் கடத்தாதே.

நீ கேட்டதற்குப் பதில். முதலில் எழுத்துகளாக ஒரு மெனு வருகிறது. அதில் முதல் வரியை அழுத்தினால் இருண்டுவிடுகிறது. இரண்டாவது வரியை அழுத்தினால் படம் பெரிதாக, கோணல்மாணலாக வருகிறது. கீழ்ப்பக்கம் மூன்று விரல் உயரத்துக்கு ஒரே இருட்டு. வலது ஓரத்தில் ஒரு விரற்கடை வெட்டுப்பட்டிருக்கிறது. பட்டன் எல்லாம் அந்த இருட்டுக்குள் போயிருக்க வேண்டும். எதை அழுத்துவது என்று தெரியாமல் நிறுத்திவிட்டேன்.

பெட்டியை யாரும் திறக்கவில்லை. நீ மாட்டியது மாட்டியபடி இருக்கிறது.

உன் அண்ணன் நன்றாகச் சாப்பிடுகிறார், நன்றாகத் தூங்குகிறார். உன்னைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. ஆனால் தபால்காரர் வருகிற நேரத்துக்கு ஏதாவது ஒரு சாக்கு வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறார். நேற்று அந்தச் சாக்கு ஒரு விளக்குமாறு. கல்யாணமான நாளிலிருந்து அவர் கையில் அதை நான் பார்த்ததில்லை.

உன் அண்ணி

பிப்ரவரி 18

அன்புள்ள அண்ணி,

பல்லைப் பிடுங்கியாகிவிட்டது. இங்கே பல் டாக்டர் இல்லை, கம்பவுண்டர்தான். அவர் கையில் இருந்ததை என் டூல்ஸ் பெட்டியிலும் பார்த்த ஞாபகம். ஆனால் இப்போது நிம்மதி.

திரையை அளந்து எழுதியிருந்தீர்கள், மிகவும் உதவியாக இருந்தது. மூன்று விரல், ஒரு விரற்கடை. துணியை டேப்பால் அளக்கும் நீங்கள், திரையை மட்டும் விரலால் அளந்திருக்கிறீர்கள். இந்த உலகத்தில் எதையும் விரலால் அளக்கும் ஓர் ஆளை எனக்குத் தெரியும். போர்டின் உயரத்தையும் அவர் அப்படித்தான் அளப்பார், சட்டத்துக்குள் கச்சிதமாக உட்காரும். சரி, நான் ஒன்றும் கேட்கவில்லை. நீங்களே போடுங்கள் அண்ணி.

தனித் தாளில் ஒரு வார்த்தையைப் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். மெனு வந்ததும் E விசையை அழுத்தி, நீளமான வரியின் கடைசியில் ஓர் இடம் விட்டு, அந்த வார்த்தையை அப்படியே சேருங்கள். திரை இருளாது. ஆனால் அந்த மூன்று விரல் இருட்டு மட்டும் போகாது. அதற்குள் இருக்கும் பட்டன்களைக் கண்ணால் பார்க்க முடியாது என்பதால், எந்தப் பக்கத்தில் எத்தனை முறை டேப் விசையைத் தட்டி என்டர் அழுத்த வேண்டும் என்று அதே தாளில் எழுதியிருக்கிறேன். இங்கே ஆபீஸ் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துத்தான் எழுதினேன்.

டிஸ்க் கேட்கும் பக்கத்தில் மட்டும் நிதானம் வேண்டும். இரண்டு வரி வர வேண்டிய இடத்தில் உங்களுக்கு மேல் வரி மட்டும்தான் தெரியும். இரண்டும் ஒரே கம்பெனி டிஸ்க், அளவு எழுதியிருக்கும் ஓரமும் வெட்டுப்பட்டிருக்கும். நான் மாட்டிய கணக்குப்படி, மேல் வரி பழைய சிஸ்டம் இருக்கும் டிஸ்க். அதைத் தேர்ந்தெடுத்து, முழுவதும் அழித்துப் போடச் சொல்லுங்கள். எழுத்துகள் கீழ் வரியில் பத்திரமாக இருக்கும்.

பெட்டியை யாராவது திறந்திருந்தால் இது எதையும் செய்ய வேண்டாம். நான் எடுத்து வைத்த நகல் சிடிக்கள் அலமாரியில் இருக்கின்றன அல்லவா? அவற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விரல் பெரியவருக்கு என் வணக்கம்.

ஃபியூஸ்

மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

வேலை முடிந்தது. நீ எழுதிய வார்த்தையைச் சேர்த்ததும் படம் வந்தது. மற்றதெல்லாம் தாளில் இருந்தபடியே. சிஸ்டம் ஓடுகிறது, வெட்டும் மெஷினும் ஓடுகிறது. திரை முழுதாகத் தெரிகிறது.

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. பல் பிடுங்கிய இடத்தை நாக்கால் துழாவாதே.

உன் அண்ணி

மார்ச் 15

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதத்தை லாரிப் பக்கத்திலேயே நின்று படித்தேன். படித்துவிட்டு சமையல்காரரைக் கட்டிப்பிடித்தேன். அவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் அன்று எனக்கு ஒரு கரண்டி அதிகமாகப் போட்டார்.

உண்மையைச் சொல்கிறேன், தாளை அனுப்பிய நாளிலிருந்து சோறு இறங்கவில்லை. அந்த எழுத்தைக் குறை சொல்லிவிட்டு வந்தவன் நான். அதற்கு என்னாலேயே ஏதாவது ஆகியிருந்தால், தெரியாமல் நடந்தது என்று யார் நம்புவார்கள்? அண்ணன் நம்புவாரா? நல்லவேளை.

ஒரே ஓர் ஆசை. அண்ணன் எழுத்தில் ஒரு பக்கம் அச்சடித்து அனுப்புங்கள். எதை வேண்டுமானாலும் அடியுங்கள், மளிகைச் சாமான் பட்டியலாக இருந்தாலும் சரி. கட்டிலுக்கு மேலே ஒட்டி வைத்துக்கொள்வேன். ஃபேன்சி கடைக்காரர் ஒருவர் வந்து, பெயரில் ஃ வேண்டும் என்று மல்லுக்கு நின்றது ஞாபகம் இருக்கிறதா? "நல்ல எழுத்து மேல மூணு தூசி விழுந்த மாதிரி இருக்கும், என் கடையில் அது கிடையாது" என்று அண்ணன் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஊரில் ஒரு போர்டிலும் அவர் அதைப் போட்டதில்லை. என் பெட்டிக்கு மட்டும் போட்டார். அன்றைக்கு நான் கேட்கக்கூட இல்லை.

பக்கத்தை மறக்காதீர்கள்.

ஃபியூஸ்

ஏப்ரல் 28

அன்புள்ள தம்பிக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. எனக்கு முழங்கால் வலி, அப்புறம் கடையில் வேலை, அப்புறம் என்னவோ.

அச்சுப் பக்கம் கேட்டிருந்தாய். பிரிண்டரில் மை தீர்ந்துவிட்டது. வாங்கியதும் அனுப்புகிறேன்.

உன் அண்ணன் இப்போது சாயங்காலம் ஆனால் நடக்கப் போகிறார். டாக்டர் சொன்னாராம். ஒரு நாள் மார்க்கெட் தெரு, ஒரு நாள் பஸ் நிலையப் பக்கம், ஒரு நாள் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். கையில் என் செல்போன். போன வாரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே போய் ஒரு விளக்குக் கம்பத்தில் இடித்துக்கொண்டார். நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். ஐஸ் வைத்துவிட்டு உட்காரச் சொன்னால், சலவைக்கடை மூடுவதற்குள் போக வேண்டும் என்று கிளம்பிவிட்டார். சலவைக்குப் போட ஒரு துணியும் இல்லை.

நீ எப்படி இருக்கிறாய்? வேளைக்குச் சாப்பிடு.

உன் அண்ணி

மே 8

அன்புள்ள அண்ணி,

உங்கள் முழங்காலுக்கு இங்கே ஒரு தைலம் கிடைக்கிறது. லாரி டிரைவரிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சலவைக்கடைக்குப் போர்டு போட்டது அண்ணன். மார்க்கெட் தெருவில் பாதிப் போர்டு அவருடையது. பஸ் நிலையத்திலும் இருக்கிறது. தான் செய்த போர்டுகளை ஒரு மனிதர் எதற்காகத் தெருத்தெருவாகப் போய்ப் படம் எடுக்க வேண்டும்? எழுத்து பெட்டிக்குள் இருந்தால் எதற்காக அண்ணாந்து பார்க்க வேண்டும்?

மேல் வரியில் இருந்தது எழுத்து டிஸ்க், இல்லையா அண்ணி?

மார்ச் மாதக் கடிதம் அவ்வளவு சின்னதாக இருந்தபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். சந்தோஷத்தில் மண்டையில் ஏறவில்லை. என் கணக்கு எங்கே தப்பியது என்று தெரியவில்லை. ஆனால் மேல் வரி என்று எழுதியது என் கைதான். அண்ணனிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். நான் வேண்டுமென்று செய்யவில்லை. அந்த எழுத்தைப் பற்றி நான் சொன்னது ஒரே ஒரு வார்த்தை, அதுவும் அது நன்றாக இருக்க வேண்டும் என்றுதான்.

அடுத்த மாதம் லீவு இருக்கிறது. ஊருக்கு வரலாம் என்று நினைத்திருந்தேன். இனி எந்த முகத்தோடு வருவது?

தம்பி

மே 20

அன்புள்ள தம்பிக்கு,

தைலம் வந்தது. நன்றாக இருக்கிறது, நாற்றம்தான் தாங்கவில்லை.

முகத்தைப் பற்றி எழுதியிருந்தாய். இந்த வீட்டில் முகத்தை மறைக்க வேண்டியவர்கள் இரண்டு பேர், நீ அதில் இல்லை. முழுவதும் சொல்லிவிடுகிறேன்.

நீ போன மறு வருஷம் பெட்டி ஒரு தடவை நின்றுபோனது. உன் அண்ணன் கடைத்தெரு ரிப்பேர்காரரைக் கூட்டி வந்தார். அவர் திறந்தார், ஒடிந்த கேபிளை மாற்றினார், டிஸ்க் இரண்டையும் இடம் மாற்றி மாட்டிவிட்டுப் போனார். நீ ஜனவரியில் கேட்டபோது, திறக்கவில்லை என்று எழுதச் சொன்னது உன் அண்ணன். நீ போன பிறகு வேறொரு ஆளைக் கூப்பிட்டது உனக்குத் தெரிந்துவிடக்கூடாதாம். நானும் எழுதினேன். நீ மறுபடியும் எச்சரித்தபோது அவர் அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம், "தம்பி மேல் வரின்னு எழுதியிருக்கான், மேல் வரிதான்" என்று சொல்லி அழுத்தினார். வாழ்க்கையில் முதல் தடவையாக நீ சொன்னதை அப்படியே கேட்டார்.

விசைகளைத் தட்டியதெல்லாம் அவர்தான். நீ கண்டுபிடித்துவிட்டாய் என்று தெரியும். உன் 'விரல் பெரியவர்' வரியைப் படித்து, ஒரு நாள் முழுக்கத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது ஆள் நான். நகல் சிடிக்கள் அலமாரியில் இல்லை. பால்கனிக்கு வரும் புறாக்களை விரட்ட, பழசு என்று நினைத்து நூலில் கட்டித் தொங்கவிட்டது நான். வெயில் பட்டுப் பட்டு எல்லாம் வெளுத்துவிட்டது. புறாக்களும் போகவில்லை.

டிஸ்கை எடுத்துக்கொண்டு பெரிய கடை ஒன்றில் கொடுத்துப் பார்த்தோம். புதிய சிஸ்டம் அதன் மேலேயே எழுதிவிட்டது, ஒன்றும் மிஞ்சாது என்றார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து உன் அண்ணன் சொன்னது இதுதான். "அவனுக்கு எழுதிடாத. தன்னாலதான்னு நினைச்சுக்குவான். சோறு இறங்காது அவனுக்கு." மறுநாள் நடக்க ஆரம்பித்தார்.

அவரையும் ஏமாற்றி உன்னையும் ஏமாற்றி, நடுவில் தபால்பெட்டி மாதிரி நின்று எனக்கு அலுத்துவிட்டது. இதுதான் நான் எழுதும் கடைசிக் கடிதம். இனி எழுத வேண்டியவர் எழுதட்டும்.

உன் அண்ணி

ஜூன் 11

அன்புள்ள ஃபியூஸ்,

நான் சௌக்கியம். உன் பல் போன கதை கேட்டேன், மற்றப் பல்லையாவது பார்த்துக்கொள். உன் அண்ணி என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்துவிட்டு, எழுதி முடிக்கும்வரை டீ கிடையாது என்று சொல்லிவிட்டாள். மூன்று வருஷம் கழித்து எதிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அதனால் வேலையைப் பற்றி எழுதுகிறேன்.

நீ கேட்ட அச்சுப் பக்கம் இதுதான். எழுத்தைப் பார்த்துக்கொள்.

மருந்துக்கடை, சைக்கிள் கடை, சலவைக்கடை, பல் டாக்டர் என்று ஒவ்வோர் இடமாகப் படம் எடுத்து, வீட்டில் வைத்து மறுபடியும் வரைந்தேன். வரி ஆபீஸ் ஆள் என்று நினைத்து இரண்டு கடைக்காரர்கள் ஷட்டரை இறக்கினார்கள். சைக்கிள் கடைக்காரர் எனக்கு ஒரு குளிர்பானம் வாங்கிக் கொடுத்துவிட்டு, கணக்கெல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்றார். நான் குடித்துவிட்டுத்தான் உண்மையைச் சொன்னேன்.

பல் டாக்டர் போர்டை எதிர்ப் பக்க நடைபாதையில் இருந்து பார்த்தேன். இத்தனை வருஷத்தில் அங்கே போய் நின்றதே இல்லை. என் ண எழுத்தை அங்கிருந்து படிக்க முடியவில்லை. மூன்று சுழியும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு ஒரு கறை மாதிரி இருக்கிறது. நீ அன்றைக்குச் சொன்னது சரி. அதை அகலமாக்கியிருக்கிறேன். இந்தப் பக்கத்தை எட்ட நின்று பார்த்துவிட்டுச் சொல்.

மேல் வரி என்று எழுதியது உன் தப்பு இல்லை. கேட்ட கேள்விக்குப் பொய் சொன்னது நான். நீ வேண்டுமென்று செய்தாயோ என்று ஒரு நிமிஷமும் நான் நினைக்கவில்லை. சின்ன வயதில் நீ வீட்டை இருட்டாக்கிய ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் நின்றவன் நான், எனக்குத் தெரியாதா? நீ இல்லாமல் கடை கடையாக இல்லை. போகச் சொன்ன அன்றைக்குச் சாயங்காலமே இதைச் சொல்ல வாய் வரை வந்தது.

எல்லா எழுத்தும் கிடைத்துவிட்டது. ஒன்று மட்டும் இந்த ஊரில் எந்தப் போர்டிலும் இல்லை. போட மாட்டேன் என்று அடம் பிடித்தவன் நான்தானே. அதனால்தான் மேலே உன் பெயரின் முதல் எழுத்தைப் பேனாவால் போட்டிருக்கிறேன். மூன்று புள்ளிதானே, புதிதாக வரைந்தால் என்ன என்கிறாள் உன் அண்ணி. வரைந்தேன், சரியாக வரவில்லை. நான் அதை வெட்டியது ஒரே ஒரு தடவை. அது உன் பெட்டி மூடியில் இருக்கிறது.

நகல் எடுத்து அனுப்பிவிடாதே. பெட்டியோடு வா.

அண்ணன்